ஆய்வேடு இருக்கிறது, தரவு எங்கே?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பினார். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய், யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி என்ன என்று விசாரித்து எழுதி வரச் சொன்னார். அப்படித் திரட்டப்பட்ட விவரங்கள் 1918-இல் நூலாக வெளிவந்தன. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தைச் சேர்ந்திருந்த வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் இந்தியப் பொருளியல் வரலாற்றில் இடம்பிடித்தது இவ்வாறுதான்.

கதை அத்துடன் முடியவில்லை. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மீண்டும் சென்றனர். இருவேல்பட்டில் 2008-இல் மற்றோர் ஆய்வு நடந்தது. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, பண்ணையாள் முறை எப்போது தேய்ந்தது, ஊருக்கு வெளியே கிடைக்கும் வேலை எப்படி உள்ளூர்க் கூலியை மாற்றியது என்பனவற்றை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குத் தொடர்ச்சியாகச் சொல்லக்கூடிய ஊர்கள் உலகிலேயே மிகச் சில. அவற்றுள் சில தமிழகத்தில் இருப்பதற்கு ஒரே காரணம், 1916-இல் எழுதி வைத்ததைப் பிறகு வந்தவர்களால் எடுத்துப் பார்க்க முடிந்தது என்பதுதான்.

இன்று நம் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வுகளை எடுத்து இதே போன்ற மறு ஆய்வை 2050-இல் ஒருவர் செய்ய விரும்பினால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஆய்வேடு கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு, முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைப்பது கட்டாயமாகியிருக்கிறது. ‘ஷோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் பல லட்சம் ஆய்வேடுகள் இருக்கின்றன. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இது சிறிய சாதனை அன்று. ஆனால், அந்த ஆய்வேடுகளின் அட்டவணைகளுக்கு அடியில் இருக்கும் மூலத்தரவு, அதாவது 300 குடும்பங்கள் 300 வினாப்படிவங்களில் சொன்ன விடைகள், அநேகமாக எங்கும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாய்மொழித் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகச் சென்றிருந்தேன். சிறு விவசாயிகள் தனியாரிடம் வாங்கும் கடனுக்கான சராசரி வட்டி பற்றிய ஓர் அட்டவணை என் ஆர்வத்தைத் தூண்டியது. சராசரி மட்டும் போதாது, அந்த வட்டி விகிதங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்கலாமா என்று கேட்டேன். கணிப்பொறியின் வன்தட்டு பழுதாகிவிட்டது, வீடு மாறும்போது படிவங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டேன் என்றார் அந்த இளைஞர். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் அவற்றைப் பாதுகாக்கச் சொல்லவும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிமுறைகளை அன்று மாலை புரட்டிப் பார்த்தேன். எழுத்துருவின் அளவு, பக்க ஓரத்தின் அகலம், அட்டையின் நிறம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. தரவைப் பற்றி ஒரு வரி இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். உயிரியல் துறையில் 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழைமையான 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மூலத்தரவைத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு 2013-இன் இறுதியில் வெளியாயிற்று. கட்டுரை வெளியானபின் கழியும் ஒவ்வோர் ஆண்டுக்கும், தரவு கிடைப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்துகொண்டே போவதை அது கண்டது. தீய நோக்கம் இதற்குக் காரணமன்று. மின்னஞ்சல் முகவரி மாறிவிட்டது, தரவு இருந்த வட்டைப் படிக்கும் கருவி வழக்கொழிந்துவிட்டது, அவ்வளவே.

பொருளியல் துறையும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ‘எகனாமெட்ரிகா’ இதழ் 1933-இல் தொடங்கியபோதே அதன் ஆசிரியர் ராக்னர் ஃப்ரிஷ், கட்டுரைகளுடன் மூலத்தரவும் பொதுவாக வெளியிடப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றது. 1980-களில் ஓர் அமெரிக்க ஆய்விதழில் வெளியான கட்டுரைகளின் தரவுகளைக் கேட்டு வாங்கி மறுபடி கணக்கிட முயன்ற மூவர், பெரும்பாலானவற்றில் அதே விடையைப் பெற இயலவில்லை என்று 1986-இல் எழுதினர். அதன் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, பென் பெர்னான்கி ஆசிரியராக இருந்தபோதுதான் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ தரவு ஒப்படைப்பை உறுதியான விதியாக்கியது.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரு புகழ்பெற்ற பொருளியலாளர்கள் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினர். ஒரு நாட்டின் பொதுக்கடன் அதன் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும் என்பது அதன் சாரம். வளர்ந்த நாடுகளில் அத்தகைய ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று அவர்கள் காட்டினர். அரசுச் செலவுகளை வெட்ட வேண்டும் என்று வாதிட்ட ஐரோப்பிய, அமெரிக்க அரசியலாளர்களுக்கு அந்த 90 என்ற எண் மந்திரம்போல் ஆயிற்று.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கட்டுரையின் கணக்கை மறுபடி போட முயன்றார். எத்தனை முறை முயன்றும் விடை வரவில்லை. கட்டுரையாசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்கள் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தனர். அதைத் திறந்தவுடன் சூத்திரத்தில் 30 முதல் 49 வரையிலான வரிசைகளுக்குப் பதிலாக 30 முதல் 44 வரை மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. உண்மையில் இந்தப் பிழையின் விளைவு சிறிதுதான். சில நாடுகளின் சில ஆண்டுகள் சேர்க்கப்படாததும், நாடுகளுக்கு எடையிட்ட முறையும் பெரிய காரணங்கள். எல்லாவற்றையும் சரிசெய்தபோது மைனஸ் 0.1 சதவீதம், கூட்டல் 2.2 சதவீதமாக மாறியது. ஆசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டனர், மற்றவற்றை மறுத்தனர். அந்த விவாதம் தொடர்வதில் தவறில்லை. ஆனால், விவாதம் தொடங்கவே 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கட்டுரையுடன் கோப்பும் வெளியாகியிருந்தால் முதல் மாதத்திலேயே ஒரு மாணவர் இதைக் கண்டுபிடித்திருப்பார். ஹெர்ண்டனின் திறமையைப் போலவே, கேட்டவுடன் கோப்பைக் கொடுத்த அவ்விருவரின் நேர்மையும் பாராட்டத்தக்கது என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது உலகின் பெரிய நிதிநல்கை அமைப்புகள், ஆய்வு தொடங்கும் முன்பே ‘தரவு மேலாண்மைத் திட்டம்’ ஒன்றைக் கேட்கின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரியிலிருந்து, தரவை உருவாக்கும் ஆய்வுகளுக்கான நல்கை விண்ணப்பங்களில் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நல்கைகளிலும் இது உண்டு. பெயரைக் கேட்டால் மற்றொரு அலுவலகப் படிவம் என்று தோன்றும். நிரப்பிவிட்டு மறந்துவிடும் படிவமாக அது மாறிவிடும் அபாயமும் மெய்யே. ஆனால், அது கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகள்: என்ன திரட்டப் போகிறீர்கள், எந்த வடிவில், எங்கே வைப்பீர்கள், யார் பார்க்கலாம், எதைத் திறப்பீர்கள், எதை மூடுவீர்கள், நீங்கள் பணியிலிருந்து விலகிய பிறகு யார் பொறுப்பு?

இவற்றுள் எளிதாகத் தோன்றி மிகவும் சோதிப்பது, திரட்டியதைப் பிறருக்குப் புரியும்படி எழுதி வைப்பது. தஞ்சைப் பகுதியில் ஒரு விவசாயி தம் நிலம் ‘ஆறு மா’ என்பார். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். மற்றொருவர் குழிக் கணக்கில் சொல்வார். வேறு மாவட்டத்தில் விடை ஏக்கரிலும் சென்டிலும் வரும். விளைச்சலைக் கேட்டால் மூட்டை என்பார்கள். மூட்டையின் எடை ஊருக்கு ஊர் வேறு. வருவாய்த் துறைப் பதிவேட்டிலிருந்து எடுத்த சாகுபடி விவரம் ஃபசலி ஆண்டில் இருக்கும். ஃபசலி 1434 என்பது 2024 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. படிவத்தை நிரப்பிய ஆய்வாளருக்கு இவை எல்லாம் நினைவில் இருக்கும். ஐந்தாண்டு கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கு ‘நிலம்: 6’ என்ற எண் மட்டுமே தெரியும். ஆறு மாவா, ஆறு ஏக்கரா என்பது மும்மடங்கு வேறுபாடு. விடை கிடைக்காத இடத்தில் 99 என்று குறிக்கும் பழக்கம் வேறு உண்டு. அதற்கு விளக்கக் குறிப்பு இல்லையென்றால், அடுத்தவர் கணக்கில் ஊர் முழுவதும் 99 வயது முதியவர்கள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள்.

தமிழில் தட்டச்சு செய்த கோப்புகளின் கதி இன்னும் மோசம். ஒருங்குறி பரவலாவதற்கு முன், நிறுவனத்துக்கு ஓர் எழுத்துருவாகப் பயன்படுத்தி வந்தோம். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. அதற்கு முன் உருவான கோப்புகளை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிகின்றன. வாய்மொழி வரலாறு, வட்டார வழக்கு, நாட்டார் வழக்காறு ஆகியவற்றைப் பதிவு செய்த தமிழ்த்துறை ஆய்வாளர்களின் உழைப்பு இப்படிப் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. எந்த எழுத்துரு என்று யாராவது குறித்து வைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்றாவது வேறோர் இடத்தில் என்பது அனுபவம் கற்பித்த விதி. பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் போதாது. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், காப்புப்படி எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது.

இனி, மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். திறந்த தரவு என்றால், நம்மிடம் நம்பிக்கையோடு பேசியவர்களின் அந்தரங்கத்தைத் தெருவில் வைப்பதா? இந்த அச்சம் நியாயமானது. பெயரையும் கதவிலக்கத்தையும் நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990-களில் நடந்ததை அறிய வேண்டும். அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயர் நீக்கி ஆய்வுக்காகத் தரப்பட்டன. லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வு மாணவி 20 டாலர் கொடுத்து வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்து, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைத் தனியே எடுத்துக் காட்டினார்.

பெருநகரத்திலேயே இப்படி என்றால் நம் கிராமத்தில் சொல்ல வேண்டுமா? 150 வீடுகள் உள்ள ஊரில், கணவனை இழந்த, குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்த, 12 ஏக்கர் நன்செய் உள்ள பெண் ஒருவர்தான் இருப்பார். பெயர் எதற்கு? அந்த ஊர்க்காரர் எவரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவர் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார், கூலியாட்களுக்கு என்ன கொடுக்கிறார், எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்பவை அதே வரிசையில் இருந்தால் அந்தக் கோப்பு அவருக்குக் கேடு. கந்துவட்டிக்காரரின் பெயரைச் சொன்ன கூலித் தொழிலாளிக்கு அது உயிர் ஆபத்தாகவும் முடியலாம்.

ஆகவே, எல்லாத் தரவையும் எல்லோருக்கும் திறப்பது என்பது என் வாதமன்று. இயன்ற அளவு திறத்தல், தேவையான அளவு மட்டும் மூடுதல் என்பதையே ஐரோப்பிய ஒன்றியமும் கொள்கையாகக் கொண்டிருக்கிறது. ஊரின் பெயரை மறைக்கலாம். துல்லியமான நில அளவுக்குப் பதில் இடைவெளிகளாகத் தரலாம். மிகவும் நுட்பமான விவரங்களை, உறுதிமொழி எழுதிக் கொடுக்கும் ஆய்வாளர்களுக்கு மட்டும் காட்டலாம். பிரிட்டனில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகம் 1967 முதல் நடத்திவரும் தரவுக் காப்பகம், திறந்தவை, பதிவு செய்தவர்களுக்கு மட்டும், கண்காணிக்கப்பட்ட சூழலில் மட்டும் என்று பல படிகளை வைத்திருக்கிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆய்வுக்கும் ஆவணப்படுத்தலுக்கும் நிபந்தனைகளுடன் விலக்களிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னவரின் சம்மதம். ‘உங்கள் பெயர் இல்லாமல் இந்த விடைகளைப் பிற ஆய்வாளர்களும் பயன்படுத்தலாமா?’ என்று முதல் நாளே கேட்டால் பலர் ஒப்புக்கொள்வார்கள், சிலர் மறுப்பார்கள், இருவரையும் மதிக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டால், மூன்று ஆண்டு கழித்து 300 வீடுகளுக்கும் மறுபடி போய்க் கேட்க எந்த ஆய்வாளராலும் முடியாது. தரவைப் பற்றிய திட்டம் களத்துக்குப் போகும் முன்பே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெயிலில் அலைந்து நான் திரட்டியதை வேறொருவர் உட்கார்ந்த இடத்தில் எடுத்துக் கட்டுரை எழுதுவதா என்ற குமுறலை ஆசிரியர் அறைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான குமுறல்தான். குறிப்பிட்ட காலம் வரை தரவைப் பூட்டி வைக்கும் உரிமை, திரட்டியவருக்கு வேண்டும். பட்டம் பெற்று இரண்டு, மூன்று ஆண்டுகள் என்று வைக்கலாம். ஆனால், பகிர்வதால் இழப்புதான் என்ற கணக்கு சரியன்று. ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்செருவில் உள்ள ‘இக்ரிசாட்’ நிறுவனம் 1975-இல் ஆறு கிராமங்களில், ஊருக்கு 40 குடும்பங்கள் வீதம் 240 குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியது. அந்தத் தரவை வெளியாருக்கும் கொடுத்தது. மழை பொய்த்த ஆண்டில் ஓர் ஊரார் ஒருவர் சுமையை மற்றவர் எவ்வளவு தாங்குகின்றனர் என்று ராபர்ட் டவுன்செண்ட் 1994-இல் எழுதிய கட்டுரை அதில் மூன்று ஊர்களின் தரவை வைத்தே எழுதப்பட்டது. வளர்ச்சிப் பொருளியல் படிக்கும் மாணவர் எவரும் அதைத் தவிர்க்க முடியாது. அந்தக் கேள்வி 1975-இல் படிவம் நிரப்பியவர்களின் மனத்தில் இருந்திருக்க முடியாது. அவரெபல்லே, ஷிராபூர், கன்சாரா என்ற சிற்றூர்களின் பெயர் உலகின் பொருளியல் வகுப்பறைகளில் ஒலிப்பதற்குக் காரணம் அந்தப் பகிர்வுதான்.

பகிர்ந்தவருக்குப் பலன் வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது. பதவி உயர்வுக்கான மதிப்பெண் கணக்கில் கட்டுரைக்கு இடமுண்டு, நூலுக்கு இடமுண்டு; ஆறு மாதம் செலவிட்டுச் செம்மைப்படுத்தி ஒப்படைத்த தரவுத் தொகுப்புக்கு இல்லை. இதை மாற்றாமல் வெறும் சுற்றறிக்கையால் பகிர்வு வந்துவிடாது. இன்று தரவுத் தொகுப்புக்கும் கட்டுரையைப் போலவே நிலையான அடையாள எண் பெறலாம். எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணலாம். எண்ணக்கூடியதற்கு மதிப்பெண் கொடுப்பதில் மானியக் குழுவுக்கு என்ன தயக்கம் இருக்க முடியும்?

இந்த இடத்தில் என் துறையினரிடம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மத்திய அரசு 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வெளியிட மறுத்தபோது, பொருளியலாளர்கள் பலர் கூட்டாகக் கண்டன அறிக்கை விடுத்தனர். சரியான கண்டனம். குடும்ப அளவிலான தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தரவுகளை ஒரு காலத்தில் பணம் கட்டிக் குறுந்தகட்டில் வாங்கினோம். இன்று இணையத்தில் இலவசமாக எடுக்கிறோம். அரசிடம் இவ்வளவையும் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அரசின் நல்கையைப் பெற்று நாம் திரட்டியதைக் கேட்கும் உரிமை மற்றவர்க்கு இல்லையா?

செலவு பெரிதன்று. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் தரவுச் சேவை ஒன்றை நடத்துகிறது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் ‘ஸெனோடோ’ களஞ்சியத்தில் எந்த நாட்டு ஆய்வாளரும் இலவசமாகத் தரவை வைக்கலாம். பல்கலைக்கழகம் செலவிட வேண்டியது மனிதர்களுக்குத்தான். நூலகத்தில் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். விளக்கக் குறிப்பு எழுதுவது எப்படி, அடையாளங்களை மறைப்பது எப்படி என்று ஆய்வு மாணவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். நம் நூலகர்கள் ஆய்வேடுகளை ஷோத்கங்காவில் ஏற்றும் வேலையை ஏற்கெனவே செய்கிறார்கள். நூலகர் பணியிடங்கள் பல கல்லூரிகளில் காலியாகக் கிடக்கும் நிலையில் இதைச் சொல்வது எனக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தொடங்குவதற்கு எளிய இடம், முனைவர் பட்ட ஆய்வுக்கு இனிமேல் பதிவு செய்பவர்கள். தலைப்புக்கு ஒப்புதல் தரும் குழு, இரண்டு பக்கத் தரவுத் திட்டத்தையும் சேர்த்துக் கேட்கட்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் வெற்றுப் படிவமும், விளக்கக் குறிப்பும், அடையாளம் நீக்கிய கோப்பும் நூலகத்துக்கு வரட்டும். திறப்பது எப்போது என்பதை மாணவரும் நெறியாளரும் முடிவு செய்யட்டும். முன்னர்த் திரட்டியவை பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வீட்டுப் பரண்களில் அட்டைப்பெட்டிகளாக இருக்கின்றன. அவற்றை வருடி எடுத்து, எது மா, எது ஏக்கர் என்று அருகில் குறித்து வைக்க, அவற்றைத் திரட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.